தகப்பன்மாரின் உயரம்

முதல் நாள்

ரக்பி லீக் கிளப்பில் ரெஜிஸ்ட்ராராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தலைமைக் கோச் ஒரு பந்தை என் கையில் தந்து, "இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். யாரோ மேலே ஏறி இருந்துவிட்ட பந்து என்று தோன்றியது. அதைச் சொல்லவில்லை. "கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது என்று தோன்றுகிறது" என்றேன். அவர் மிகவும் மகிழ்ந்து, எனக்கு மேசையைக் காட்டினார்.

கோச்சின் பெயர் கிரெய்க். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்தவர். ரக்பி லீக் அங்கேதான் பிறந்தது என்பதை நாளுக்கு இரண்டு தடவையாவது சொல்வார். அவருடைய ஆங்கிலம் கனடாக்காரருக்கே பாதிதான் விளங்கும். நான் அதற்குமுன் பதினான்கு வருடம் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், பெற்றோல் அடிக்கிற ஒரு காஸ் ஸ்டேஷன் கவுண்டரில் நின்றவள். எனக்கு எந்த ஆங்கிலமும் விளங்கும். இந்தக் குறிப்பில் அவர் சொன்னதையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் பின்னால்தான் எறியலாம். எதிரணி பிடித்து விழுத்தினால் விழுந்தவர் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். பின்னால் நிற்கும் ஒருவர் அதை எடுத்து எறிவார். அவருக்கு டமி ஹாஃப் என்று பெயர். ஆறு தடவை விழுந்தால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். மோதி விழுவதற்கென்றே முன்னால் ஓடுகிற பெரிய உடம்புக்காரர் ஃபோர்வர்ட். இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் முதல் இரண்டு வருடம் இவ்வளவுதான் தெரியும்.

என்னை ஏன் எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிளப்பின் நிர்வாக சபை ஒருநாள் வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து பிக்கரிங், அஜக்ஸ் வரை வீடு வீடாகத் தமிழ்ப் பிள்ளைகள். கிளப்பில் ஒருவரும் இல்லை. நிலத்துக்கடியில் எண்ணெய் கண்டவர்களைப் போல் அவர்கள் பரபரத்துப் போனார்கள். நேர்முகத்தில் சபை உறுப்பினர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, "உங்கள் சமூகத்தில் ஆளை ஆள் பிடித்து விழுத்தும் பாரம்பரியம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். "எங்கள் பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டம் ஒன்றுக்கு வந்து பாருங்கள்" என்றேன். அவர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பிள்ளை பிடித்தல்

இங்கிலாந்தின் வடக்கில் பிள்ளைகள் தாமாகவே கிளப்பைத் தேடி வருவார்களாம். ரொறன்ரோவில் எந்தப் பிள்ளையும் காலையில் எழும்பி, நான் ரக்பி லீக் விளையாடப் போகிறேன் என்று சொல்வதில்லை. ஆகவே நாங்கள் மற்ற விளையாட்டுகளின் வாசலில் போய் நிற்போம். ஹொக்கி அணிக்குத் தெரிவு நடக்கும் நாளில் அரீனா வாசலில், பாஸ்கற்போல் தெரிவன்று ஜிம் வாசலில். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிற பிள்ளைதான் எங்கள் பிள்ளை. கிரெய்க் இதற்கு டலன்ற் ட்ரான்ஸ்ஃபர் என்று பெயர் வைத்திருந்தார். நான் துண்டுப்பிரசுரத்தோடு ஒரு பெட்டி டிஷ்யூவும் கொண்டுபோவேன்.

தமிழ்ப் பிள்ளைகளை அந்த வாசல்களில் பிடிக்க முடியவில்லை. அவர்கள் ரியூசனில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் ரியூசன் வகுப்புகளின் கார்த் தரிப்பிடத்தில் பெற்றோர் காருக்குள் காத்திருப்பார்கள். நான் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டினேன்.

"உது கைகாலை முறிக்கிற விளையாட்டெல்லோ, அக்கா?" என்றார் ஒரு தாய்.

"பார்த்துத்தான் பழக்குவினம், தங்கச்சி. பல்லு உடையாமல் வாய்க்குக் காட் போடுவினம்."

"யூனிவேர்சிற்றிக்கு உதவுமோ?"

"அப்ளிகேசனிலை லீடர்ஷிப் எண்டு போடலாம்."

"அப்ப மகனைக் கப்ரினாப் போடுவியளோ?"

"முதல்லை விளையாடிப் பாக்கட்டுமன்."

அவர் சற்று யோசித்தார். "விளையாடாமல் லீடர்ஷிப் மட்டும் எடுக்கேலாதோ, அக்கா?"

இன்னொரு தகப்பன் பாடத்திட்டத்தைக் கேட்டார். எத்தனை மாதத்தில் முடியும், முடிவில் சேர்ட்டிஃபிக்கேற் உண்டா, வீட்டுவேலை தருவார்களா என்று கேட்டார். தருவார்கள் என்றேன். தினமும் நாற்பது தண்டால். அது அவருக்குப் பிடித்துவிட்டது. இப்படி ஒரு கோடைகாலத்தில் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தேன். எல்லாரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பொடியன்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் அகிலன். வெக்ஸ்போர்ட்டில் தொடர்மாடி ஒன்றில் இருந்தான். தகப்பன் சிவநேசன் பாண் சுடும் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். பொடியன் சின்ன உருவம். டமி ஹாஃபில் நின்றான். விழுந்தவன் பந்தை உருட்டுவதற்கு முன்னமே யார் எங்கே வெறுமையாக நிற்கிறான் என்று அவன் பார்த்து முடித்திருப்பான். பந்து கையில் இருப்பதே தெரியாது. எடுத்த வேகத்தில் போய்விடும். தன்னைவிட ஒரு தலை உயரமான பொடியன்களை, "லெஃப்ட் எண்டனெல்லோ, ஆர் யூ டெஃப்?" என்று அதட்டி ஓட்டுவான். விளையாட்டு விளங்காத எனக்கே, அவன் நிற்கும்போது விளங்குவது போல் இருக்கும். அவனைப் பார்ப்பதற்காகப் பயிற்சி நாட்களில் ஒஃபீஸை விட்டு வெளியே வந்து நிற்பேன்.

படிவம்

இலையுதிர்காலத்தில் டெவலப்மென்ற் ஸ்குவாட் தெரிவு. அதற்குள் போகிறவர்களுக்குக் குளிர்காலம் முழுதும் உள்ளரங்கப் பயிற்சி, தனிக் கோச், பிறகு பெரிய அணிக்கு வழி. போகாதவர்கள் அடுத்த கோடையில் மீண்டும் வாசலில் நிற்கலாம். எந்தப் பொடியனுக்கும் அந்த வயதில் அதைவிடப் பெரிய விசயம் உலகத்தில் இல்லை. அகிலன் என்னிடம் வாரத்துக்கு ஒருமுறை, "லிஸ்ற் எப்ப வரும், அன்ரி?" என்று கேட்பான்.

தெரிவில் விளையாட்டை மட்டும் பார்ப்பதில்லை. பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு மீசை இருக்கும், இன்னொருவனுக்குப் பால்பல் இருக்கும். மீசைக்காரன் எல்லாரையும் இடித்து விழுத்துவான். பதினெட்டு வயதில் பார்த்தால் அவன் அதே உயரத்தில் நிற்பான். அதில் ஏமாறக்கூடாது என்பதற்காகக் கிளப் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. பிள்ளையின் வயது, உயரம், நிறை, தாயின் உயரம், தகப்பனின் உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால், வளர்ந்து முடிந்ததும் எவ்வளவு உயரம் இருப்பான் என்று அது சொல்லும். யோசனை நல்ல யோசனைதான்.

"நாங்கள் தெரிவு செய்வது பிள்ளையை அல்ல, ராணி. அவன் ஆகப்போகும் மனிதனை" என்றார் கிரெய்க்.

ஆகப்போகும் மனிதன் நூற்று எழுபத்திரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் பெயர் பச்சை நிறத்தில் வரும். கீழே என்றால் சிவப்பு. ஏன் நூற்று எழுபத்திரண்டு என்று கேட்டேன். முந்திய வருடக் குழுப்படத்தில் எதிரணிக்குப் பக்கத்தில் எங்கள் அணி சிறிதாகத் தெரிந்ததாம். சபையில் ஒருவர் வருத்தப்பட்டாராம்.

பெற்றோரின் உயரத்தைக் கேட்டு எழுதுவது என் வேலை. படிவத்தை நிரப்பி அனுப்பாத வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிக்கரிங்கில் இருந்த ஒரு தகப்பனோடு நடந்தது இது. அவரை நான் நேரில் கண்டிருக்கிறேன். என் உயரம்தான் இருப்பார், நான் ஐந்தடி நாலு.

"ஐஞ்சடி ஒம்பது போடுங்கோ, அக்கா."

தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. பின்னால் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு கணம் நின்றது.

"ஐஞ்சடி ஒம்பதோ, தம்பி?"

"லைசன்ஸிலையும் அப்பிடித்தான் கிடக்கு. கொப்பி அனுப்பவோ?"

அனுப்பினார். ஒன்ராறியோ அரசாங்கத்தின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் அவர் ஐந்தடி ஒன்பதுக்குச் சமமான சென்ரிமீற்றரில் நின்றார். அங்கே யாரும் அளப்பதில்லை, சொல்வதை எழுதுவார்கள். இப்படியே மற்றவர்களும். ஐந்தடி எட்டுக்குக் கீழே யாரும் இறங்கவில்லை. ஒருவர் ஐந்தடி பத்தரை. அந்த அரை என்னை மிகவும் கவர்ந்தது.

இவர்கள் பொய்யர்கள் அல்ல. எனக்கு விளங்கிவிட்டது. இது கலியாணம் பேசும்போது தரகரிடம் கொடுத்த உயரம். மாப்பிள்ளைக்குத் தரகரே இரண்டு இஞ்சி கூட்டிவிடுவார். பெண் உயரமென்றால் ஓரிஞ்சி குறைத்துவிடுவார். அந்த உயரத்தை நம்பித்தான் சம்பந்தம் சரிவந்தது, அதை வைத்துத்தான் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் படிவம் நிரப்பினார்கள், லைசன்ஸ் எடுத்தார்கள். இருபது வருடமாக வீட்டுக்குள் நிலைத்துவிட்ட உயரத்தை மனைவிக்கு முன்னால் ஒரு ரக்பி கிளப்புக்காகக் குறைக்க எந்த மனிதனுக்கு முடியும்?

எல்லா நாட்டுத் தகப்பன்மாரும் கூட்டித்தான் சொல்வார்கள் என்றும், அதற்காக மென்பொருளிலேயே ஒரு சிறு கழிவு இருக்கிறது என்றும் கிரெய்க் சொன்னார். எங்களவர்களுக்கு அந்தக் கழிவு காணாது. பதினொரு தமிழ்ப் பிள்ளைகள் பச்சையில் வந்தார்கள். எல்லாரும் வளர்ந்து ஃபோர்வர்ட் ஆகப்போகிறவர்கள். கிரெய்க் திரையை மேலிருந்து கீழே உருட்டினார். "இத்தனை காலம் இவர்கள் எங்கே இருந்தார்கள், ராணி?" என்றார். ரியூசனில் என்றேன்.

பன்னிரண்டாவது பெயர் சிவப்பு. அகிலன். தகப்பன் நூற்று அறுபது சென்ரிமீற்றர். தாய் நூற்று அறுபத்தைந்து.

தொலைபேசி

சிவநேசனின் மதிய இடைவேளை பார்த்து எடுத்தேன்.

"தம்பி, ஃபோர்மிலை உங்கட உயரம் நூற்றி அறுபது எண்டு கிடக்கு. பிழையா விழுந்திட்டுதோ?"

"இல்லை அக்கா. சரிதான்."

"ஒருக்கா வடிவா அளந்து பாக்கிறியளோ?"

"டொக்ரர் அளந்தவர். அவ்வளவுதான் இருக்கு."

"மற்ற ஆக்கள் எல்லாரும் கொஞ்சம் கூடத்தான் போட்டிருக்கினம்" என்றேன். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. மெல்லச் சிரித்தார்.

"கலியாணம் பேசேக்கையே நான் உள்ளதைத்தான் குடுத்தனான், அக்கா. தரகர் ரெண்டு இஞ்சி போடுவம் எண்டவர். நான் விடேல்லை. நாலு இடம் குழம்பிப் போச்சுது. அஞ்சாவதா வந்தவ என்னிலும் உயரம். அவவும் உள்ளதைத்தான் போட்டவ. இப்ப போய் ஏன்?"

அவரே மேலே கேட்டார்.

"என்ரை உயரத்தாலையோ பொடியனை எடுக்காமல் விடப் போறியள்?"

"இன்னும் முடிவாகேல்லை, தம்பி."

"அப்பிடி நடந்தால், அதாலை எண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். பின்னால் மணி அடித்தது. அவர் வேலைக்குப் போய்விட்டார்.

கிரெய்க்கிடம் போனேன். அகிலன் இல்லாமல் இந்த அணிக்கு யார் பந்து எறிவது என்று கேட்டேன். "எனக்கும் அவனைப் பிடிக்கும்" என்றார். "ஆனால் இலக்கம் இலக்கம்தான். மற்றத் தமிழ்ப் பிள்ளைகளைப் பாருங்கள், எப்படி வரப்போகிறார்கள்." எனக்கு வந்த எரிச்சலில், அந்த மற்ற இலக்கங்கள் எல்லாம் பொய் என்று அவருக்குக் காட்டியே தீர்வது என்று முடிவு செய்தேன். எப்படிக் காட்டுவது? தகப்பன்மாரை வரிசையில் நிறுத்தி அளக்க முடியாது. ஒருவரும் சப்பாத்தைக் கழற்றமாட்டார்கள்.

பூசை

சப்பாத்தைக் கழற்றுகிற ஒரு சந்தர்ப்பம் எங்களுக்கு உண்டு. நவராத்திரி வந்தது. கிளப்பில் ஆயுத பூசை செய்வோம் என்று சபைக்கு எழுதினேன். பந்து, இடித்துப் பழகுகிற டாக்கிள் பாக், ஜி.பி.எஸ். பூட்டிய உள்ளங்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கும்பிடலாம், பெற்றோர் எல்லாரும் வருவார்கள் என்றேன். சபை குதூகலித்தது. படம் எடுக்க ஆள் ஒழுங்கு செய்தது. ஒருவர் மட்டும், இதனால் பெறுபேறு கூடுமா என்று கேட்டார். அளக்கலாம் என்றேன்.

எங்கள் ஒஃபீஸ் மைதானத்தின் ஓரத்தில் ஒரு போர்ட்டபிள், தூக்கிவந்து வைக்கிற ஒற்றை அறை. ஒரே ஒரு கதவு. காஸ் ஸ்டேஷன்களின் கதவு நிலையில் உயரம் குறித்த நாடா ஒன்று ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறவன் எவ்வளவு உயரம் என்று பொலிசுக்குச் சொல்வதற்கு. என் பழைய முதலாளியிடம் அதில் ஒன்று கேட்டு வாங்கி, கதவு நிலையில் ஒட்டி, பக்கத்தில் மாவிலை கட்டினேன். எதிரே மேசை போட்டு, வரவுப் பதிவுக் கொப்பியோடு இருந்தேன். பதினான்கு வருடம் அந்த நாடாவைப் பார்த்தவள் நான். ஆள் நிலையைக் கடக்கிற நேரத்தில் அரை இஞ்சி பிழைக்காமல் சொல்வேன்.

எல்லாரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார்கள். ஐந்தடி எட்டு ஐந்தடி ஐந்தாக வந்தது. லைசன்ஸ்காரர் ஐந்தடி நாலு. ஐந்தடி பத்தரை ஐந்தடி ஆறில் வந்து, "என்னக்கா, நல்ல ஒழுங்கு" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனது. சிவநேசன் மனைவியோடு வந்தார். நூற்று அறுபது. நான் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இலக்கத்தை எழுதிக்கொண்டேன். கிரெய்க் நெற்றியில் பொட்டோடு டாக்கிள் பாக்கின் முன் தலை குனிந்து நின்றார். பிறகு சுண்டல் கொடுத்தோம். எல்லாரும் நிரையாக நின்று வாங்கினார்கள்.

எல்லாரும் போன பிறகு புதிய இலக்கங்களைக் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொன்றாகப் பச்சை சிவப்பாக மாறியது. பதினொன்றில் ஒன்பது சிவப்பு. அகிலன் பெயரும் சிவப்பாகவே இருந்தது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. மற்றவர்களின் பொய்யைக் கண்டுபிடித்தால் அகிலனின் தகப்பன் வளரப்போவதில்லை. நான் ஒருவனை உள்ளே எடுக்கப் புறப்பட்டு, அவனையும் சேர்த்துப் பத்துப் பேரை வெளியே விடுவதற்கான தாளைக் கையில் வைத்திருந்தேன். இதை முன்னமே ஒரு நிமிடம் யோசித்திருந்தால் மாவிலையாவது மிஞ்சியிருக்கும்.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இதைக் கிரெய்க்கிடம் கொண்டுபோய், உங்கள் இலக்கத்தில் ஒரு அர்த்தமும் இல்லை, இந்தப் பிள்ளைகளை விளையாட்டைப் பார்த்து எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரி. ஆனால் அந்த ஒன்பது வீடுகளுக்கும் யார் தொலைபேசி எடுப்பது? தகப்பன்மாரின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அதோடு, தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டுவருவதற்கென்றே என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் போனால் நானும் போகவேண்டியதுதான். மாற்றத்தைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். பதினொரு பெயரும் மீண்டும் பச்சைக்கு வந்தன. கொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் எடுத்தேன். வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் வெட்கம் குறைந்திருந்தது. அது இன்னும் மோசம்.

அகிலன், தெரிவாகவில்லை என்ற கடிதம் கிடைத்த மூன்றாம் நாள், கிளப்பின் ஜேர்சியைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தான்.

"அன்ரி, அப்பா ஷோர்ட் எண்டதாலயோ?"

"அப்பிடி இல்லையடா. கொம்பியூற்றர் எத்தனையோ பாக்குது."

"இட்ஸ் ஓகே. எனக்குத் தெரியும். ஃபோர்ம் ஃபில் பண்ணேக்கை நான் பக்கத்திலை இருந்தனான்." ஜேர்சியை மேசையில் வைத்தான். "அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. ஹீ வில் ஃபீல் பாட்."

தகப்பனும் என்னிடம் இதையே கேட்டவர் என்று அவனுக்குச் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

வளர்ச்சி

பதினொரு பேரையும் கிளப் இரண்டு வருடம் ஃபோர்வர்ட்களாக வளர்த்தது. ஆறடி மனிதர்களுக்கான பாரம் தூக்கினார்கள். ஆறடி மனிதர்களுக்கான புரோட்டீன் குடித்தார்கள். நேரே ஓடி இடிப்பதற்குப் பழகினார்கள். பந்து எறிவதற்கு ஒருவரையும் பழக்கவில்லை, ஏனென்றால் எறிகிற உடம்பு யாருக்கும் வரப்போவதில்லை என்று கணினி சொல்லியிருந்தது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சொன்னதையெல்லாம் செய்தார்கள். உயரத்தை மட்டும் தகப்பனிடமிருந்து எடுத்தார்கள்.

கிரெய்க் மாதம் ஒருமுறை அளப்பார். "பிந்தி வளர்கிறவர்கள்" என்று எழுதுவார். அடுத்த மாதம் மீண்டும் அளப்பார். "மிகவும் பிந்தி வளர்கிறவர்கள்." சபை பொறுமையாக இருந்தது, வருட அறிக்கையில் பதினொரு பேரின் படமும் கீழேயிருந்து மேல்நோக்கி எடுக்கப்பட்டிருந்தது.

போட்டிகளில் வரிசையாகத் தோற்றார்கள். தங்களைவிட உயரமானவர்களை நேரே போய் இடித்தால் வேறென்ன நடக்கும்? ஒருவனுக்குத் தோள் விலகியது. ஐந்தடி பத்தரைக்காரரின் மகன். அவன் போர்ட்டபிளில் ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தபோது, "நான் எப்ப வளருவன், அன்ரி?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் கிரெய்க்கின் மேசையில் கொப்பியைக் கொண்டுபோய் வைத்து, கதவு நிலை நாடாவின் கதையைச் சொன்னேன். எனக்கு ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. அந்த நேரத்தில் வருகிற துணிவுக்குப் பெரிய மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

கிரெய்க் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"அப்படியென்றால் ஒரே ஒரு தகப்பனின் இலக்கம்தான் சரி."

"ஓம்."

"அந்தப் பிள்ளையைத்தான் நாங்கள் வெளியே விட்டோம்."

"ஓம்."

அவர் கொப்பியை மூடினார். இனிமேல் படிவத்தைக் கிழித்துவிட்டு விளையாட்டைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சபைக்கு எழுதினார். சபை மூன்று கூட்டம் கூடி, மென்பொருளில் தகப்பன்மாருக்கான கழிவை மூன்று இஞ்சியாகக் கூட்டியது. செய்தி எப்படியோ ரியூசன் கார்த் தரிப்பிடத்துக்குப் போய்விட்டது. அடுத்த தெரிவில் தகப்பன்மார் ஆறடியில் தொடங்கினார்கள்.

விசில்

அகிலனை மீண்டும் கூப்பிடுங்கள் என்று கிரெய்க் கொப்பியைப் பார்த்த அன்றே சொல்லியிருந்தார். நான் கூப்பிடத் தேவைப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் போட்டிக்கு அனுப்பப்பட்ட தாளில் ரெஃபரியின் இடத்தில் அவனுடைய பெயர் இருந்தது. பதினான்கு வயதில் சின்னப் பிள்ளைகளின் போட்டிகளுக்கு விசில் ஊதத் தொடங்கி, அந்த வருடம் எங்கள் பிரிவுக்கு வந்திருந்தான். கொஞ்சம் வளர்ந்திருந்தான், பெரிதாக இல்லை. பந்து எங்கே போகப்போகிறது என்று அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அங்கே போய் நின்றான். கிரெய்க் கோட்டோரத்தில் நின்று கத்தினார். அவன் விளையாட்டை நிறுத்தி, நடந்து வந்து, "சேர், கப்ரின் மட்டும்தான் என்னோடை கதைக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனான். கிரெய்க் வாயை மூடினார். அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

போட்டி முடிந்ததும் திரும்பி வரச்சொல்லிக் கேட்டேன்.

"இல்லை அன்ரி, ஐ லைக் திஸ்" என்றான். "ரெஃபரி ஃபோர்மிலை ஹைற் கேக்கேல்லை."

அதற்குமேல் மறைக்க எனக்கு முடியவில்லை. மற்றத் தகப்பன்மாரின் உயரமெல்லாம் பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும், பயத்தில் வாய் திறக்கவில்லை என்று சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அப்பா ஒராள்தான் சரியா எழுதினவரோ?"

"ஓம்."

"அதை அவரிட்டைச் சொல்லுங்கோ, அன்ரி. ப்ளீஸ். நீங்களே சொல்லுங்கோ."

சிவநேசன் காருக்குப் பக்கத்தில் நின்றார். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் ஜேர்சியைத் தந்த அன்று என்னிடம் என்ன கேட்டான் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் மைதானத்துப் பக்கம் திரும்பினார். அங்கே அகிலன் மூலைக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"மற்ற ஆக்கள் கூட்டிப் போட்டது எனக்கு அப்பவே தெரியும், அக்கா" என்றார். "பூசையண்டு சுண்டலுக்கு லைனிலை நிண்டனாங்களெல்லோ, வெறுங்காலோடை. எல்லாற்றை கண்ணும் என்ரை கண்ணுக்குக் கிட்டத்தான் இருந்தது. நீங்கள் வாசலிலை கொப்பியிலை எழுதினதையும் பாத்தனான். அக்கா கண்டிட்டா, சொல்லுவா எண்டுதான் இருந்தனான்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருக்கிற பாடம் இது ஒன்றுதான். ஒரு இலக்கம் பிழை என்று உங்களுக்குத் தெரிந்த அன்றே, அதைக் கேட்க வேண்டியவரிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுவதை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் வாய் திறக்கமாட்டார். நீங்கள் சொல்வீர்கள் என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்.